இ-டெண்டரில் எங்கே சறுக்குகிறது? கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு அரசின் இணைய டெண்டர் தளத்தில் விலை குறிப்பிட்டுப் போட்டியிடுபவர்களும், டெண்டர் விடும் அலுவலர்களும் கேட்டவை இவை.

விழுப்புரத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். அரசு டெண்டருக்கு இதுவரை போனதில்லை. முதலில் என்ன செய்யணும் சார்?

முதலில் டிஜிட்டல் கையொப்பம் வாங்குங்கள். கிளாஸ் 3 வேண்டும். கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ், குறியாக்கத்துக்கு (தகவலைப் பிறர் படிக்காதபடி பூட்டுவதற்கு) ஒரு சான்றிதழ், இரண்டும் பென்டிரைவ் போன்ற ஒரே யுஎஸ்பி டோக்கனில் இருக்கணும். விலை குறைகிறதே என்று கையெழுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறையப் பேர். அடுத்து தளத்தில் பதிவு செய்து, அந்த டோக்கனை உங்கள் ஐடியோடு இணைக்கணும். பான், ஜிஎஸ்டி, உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ்களை கருப்பு வெள்ளையில் 100 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். ஒவ்வொரு டெண்டருக்கும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்காது. டெண்டர் ஆவணத்தைத் தரவிறக்கிப் படிக்கக் காசு கிடையாது. அதனால் உங்கள் சரக்குக்கு வந்த ஐந்தாறு பழைய டெண்டர்களைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

விலைப்பட்டியலை நிரப்பி ஏற்றினால் 'செல்லாது' என்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன், தப்பு எதுவும் தெரியவில்லை.

நீங்கள் போட்ட எண்ணில் தப்பு இருக்காது, கோப்பில்தான் இருக்கும். பிஓக்யூ எனும் விலைப்பட்டியல் எக்செல் கோப்புக்குள் மேக்ரோ, அதாவது தானாக இயங்கும் சிறு நிரல், இருக்கிறது. அதை வேறு மென்பொருளில் திறந்து சேமித்தால் மேக்ரோ போய்விடும், தளம் ஏற்காது. கோப்பின் பெயரை மாற்றினாலும் இதே கதிதான். ஒரே கோப்பை இரண்டு தடவை தரவிறக்கினால் கம்ப்யூட்டரே பெயருக்குப் பின்னால் '(1)' சேர்த்துவிடும். யாருக்கும் கண்ணில் படாத இடம் அது, முதலில் அதைப் பாருங்கள்.

சரியான வழி: கோப்பைப் புதிதாகத் தரவிறக்குங்கள். எக்செலில் திறந்து மேக்ரோவை அனுமதியுங்கள். நிரப்பத் திறந்துவிட்டிருக்கும் கட்டங்களில் மட்டும் பெயரையும் விலையையும் போட்டு, அதே பெயரில் சேமியுங்கள். விலைப்பத்தியின் தலைப்பில் ஜிஎஸ்டி உட்பட என்றிருக்கிறதா, நீங்கலாக என்றிருக்கிறதா என்று படித்துவிட்டு எண்ணைப் போடுங்கள். ஜிஎஸ்டியைச் சேர்க்க மறந்து எல்-1 (மிகக் குறைந்த விலை கொடுத்தவர்) ஆகிவிட்டால், சப்ளை செய்யும்போது கைக்காசு போகும்.

கடைசி நாள் மாலை 3 மணிக்கு முடிகிறது. 2.30க்கு உட்கார்ந்தால் போதுமா?

போதாது. தளத்தின் மேலே ஓடும் சர்வர் நேரம்தான் கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் இல்லை. முன்வைப்புத் தொகையை (டெண்டரில் சேர முன்கூட்டியே கட்டும் பிணைத்தொகை) நெஃப்ட் வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினால், தளம் தரும் சலானில் உள்ள கணக்குக்கு, அதே தொகையை, ஒரு ரூபாய்கூட மாறாமல் அனுப்பணும். அது வந்து பதிவாக நேரம் பிடிக்கும். ஒரு நாள் முன்பே கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தணும். அழுத்தினால்தான் உங்கள் விலை சேர்ந்ததாக அர்த்தம். வரும் ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். விலையை மாற்றணும் என்றால் நேரம் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். ஆனால் 'வித்ட்ரா' பக்கம் போகாதீர்கள். ஒரு தடவை வாபஸ் வாங்கிவிட்டால் அந்த டெண்டருக்குள் மறுபடி நுழையவே முடியாது.

நான் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். 40 கணினி வாங்க டெண்டர் விட்டோம், ஒருவர்தான் வந்தார். எங்கே தவறினோம்?

ஆவணத்தைப் பார்க்காமலே மூன்று இடங்களைச் சொல்வேன் மேடம். முதலில் விவரக்குறிப்பு. பழைய கோப்பிலிருந்து ஒரு மாடலின் கையேட்டை அப்படியே எடுத்துப் போட்டால், அந்த மாடல் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார். அளக்கக்கூடியதை எழுதுங்கள்: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மூன்று வருடம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி, ஆய்வகத்தில் பொருத்தி இயக்கிக் காட்டுவது, எத்தனை நாளில் சப்ளை. கேபினட்டின் உயரம், அகலம் எல்லாம் எதற்கு?

இரண்டாவது, தகுதி நிபந்தனை. இருபது லட்ச ரூபாய் கொள்முதலுக்கு வருடம் ஐந்து கோடி விற்றுமுதல் கேட்டால் உள்ளூர் நல்ல கடைக்காரர்கூட வெளியே நிற்பார்.

மூன்றாவது, அவகாசம். 2000ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். அரசின் டெண்டர் அறிவிப்பு இதழான டெண்டர் புல்லட்டினில் வெளியான நாளிலிருந்து கணக்கு ஓடும், நீங்கள் தளத்தில் ஏற்றிய நாளிலிருந்து இல்லை. முன்வைப்புத் தொகை கொள்முதல் மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதையும் சரிபாருங்கள்.

காகிதத்தில் செய்ததை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றினால் போட்டி கூடிவிடாது. போட்டியைத் தீர்மானிப்பது ஆவணத்தில் இருக்கும் வார்த்தைகள்தான். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. முடிந்தால் விலை கொடுக்கும் முன்பே போட்டியாளர்களை அழைத்து முன்விலைக் கூட்டம் ஒன்று வைத்து, வருகிறவர்கள் கேட்பதை எழுத்தில் வாங்கித் திருத்தம் வெளியிடுங்கள்.

டெண்டர் திறக்கும் நாளில் எங்கள் அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார். திறக்கவே முடியவில்லை.

வந்த விலைகளெல்லாம் திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் டோக்கனில் உள்ள சாவிகொண்டு பூட்டப்பட்டவை. அந்த டோக்கன்கள் இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. நேர்மைக்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் டெண்டரை உருவாக்கும்போதே 'இரண்டில் இருவர்' என்று வைக்காமல் 'நான்கில் இருவர்' என்று வையுங்கள்; நால்வரில் எந்த இருவர் இருந்தாலும் திறக்கலாம். சான்றிதழைப் புதுப்பித்தால் பழைய டோக்கனைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய சாவியில் பூட்டியதைப் பழைய சாவிதான் திறக்கும். இப்போதைக்கு, மாறிப்போனவரை டோக்கனோடு வரவழைப்பதே வழி.

தொழில்நுட்பக் கவரிலேயே, விலையைத் திறக்கும் முன்பே, என்னை நீக்கிவிட்டார்கள். கேள்வி கேட்கலாமா?

கண்டிப்பாகக் கேட்கலாம். மதிப்பீட்டு முடிவு உங்கள் லாகினிலேயே வரும், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டெண்டரை ஏற்றுப் பிறப்பித்த உத்தரவு தப்பென்று பட்டால், 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்து பத்து நாளுக்குள் செய்யணும். உத்தரவின் நகல், உங்கள் ஒப்புகை, நீங்கள் ஏற்றிய ஆவணம், நிபந்தனையின் பக்க எண், இந்த நான்கையும் வைத்து எழுதுங்கள்.

எல்-2 (இரண்டாவது குறைந்த விலை) ஆக வந்திருக்கிறேன். பேசிக் குறைத்தால் கிடைக்குமா?

கிடைக்காது. விலை குறைக்கச் சொல்லிப் பேச்சுவார்த்தை எல்-1 ஒருவரோடுதான்.