நட்சத்திரம் போட்டும் ஆர்டர் போகவில்லையே!

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆர்டர் எடுக்கும் தளம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தளம் ஒரு டொமைன், அதற்குத் தகவல் கொடுத்து வாங்கும் ஏபிஐ அதன் சப்டொமைனில், முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வர். ஏபிஐயைச் சோதிக்கும் போஸ்ட்மேன் கருவியில் எல்லாம் ஓடுகிறது, குரோமில் மட்டும் கோர்ஸ் (CORS) எரர், அதாவது வேறு முகவரியிலிருந்து வரும் பதிலைத் தளம் படிக்க பிரவுசர் விடவில்லை. அனுமதிக்கும் ஆரிஜினுக்கு, அதாவது கேட்கும் தளத்தின் முகவரிக்கு, எதுவானாலும் சரி என்று நட்சத்திரம் (*) போட்டேன். மல்லி விலைப்பட்டியல் வந்துவிட்டது, லாகின் செய்து ஆர்டர் போட்டால் மறுபடியும் அதே எரர். என்னதான் செய்வது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: போஸ்ட்மேன் சாட்சி இங்கே எடுபடாது. தடை போடுவது பிரவுசர். போஸ்ட்மேனும், கட்டளை வரியில் ஓடும் கர்லும் (curl) அதைக் கண்டுகொள்வதே இல்லை. குக்கீயோடு போகும் கோரிக்கைக்கு நட்சத்திரம் செல்லாது என்பது விதி. ஏபிஐ பதிலோடு அனுப்பும் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரில் உங்கள் தளத்தின் முகவரியையே எழுதுங்கள், எச்டிடிபிஎஸ் உட்பட, ஆனால் கடைசியில் சாய்கோடு வேண்டாம். குக்கீ போய்வர, சர்வர் பதிலில் அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ட்ரூ, தளத்தின் கோடில் உள்ள ஃபெட்ச்சில் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட், இரண்டும் வேண்டும்.

அப்புறம், ஆர்டரை ஜேசனாக (JSON) அனுப்புகிறீர்கள் இல்லையா, அதனால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பி அனுமதி கேட்கும், அதில் குக்கீ வராது, உங்கள் லாகின் சோதனை 'யார் நீ' என்று 401 கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆப்ஷன்ஸுக்கு லாகின் பார்க்காமல் 204 கொடுங்கள், அலவ்-ஹெடர்ஸில் கன்டென்ட்-டைப் இருக்கட்டும்.

பலரும் நாள் கணக்கில் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். என்ஜின்எக்ஸின் ஆட்_ஹெடர், 'ஆல்வேஸ்' என்று சேர்க்காவிட்டால், 401, 500, 502 போன்ற பதில்களில் ஹெடரைப் போடாது. அதாவது உள்ளே செத்துக் கிடப்பது உங்கள் ஏபிஐயை ஓட்டும் நோட் (Node.js) ப்ராசஸ், கன்சோல் சொல்வதோ கோர்ஸ்! நெட்வொர்க் டேபில் ஸ்டேட்டஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் கான்ஃபிகில் கை வையுங்கள். லொகேஷனுக்குள் ஒரே ஒரு ஆட்_ஹெடர் எழுதினாலும் மேலே சர்வர் பிளாக்கில் எழுதிய அத்தனை ஆட்_ஹெடரும் அங்கே செல்லாமல் போய்விடும், இதையும் கவனியுங்கள். என்ஜின்எக்ஸும், நோடில் ஏபிஐயை எழுதும் எக்ஸ்பிரஸும் (Express) ஆளுக்கொரு ஆரிஜின் ஹெடர் போட்டால் பிரவுசர் இரண்டையும் ஏற்காது; யாராவது ஒருவர் போட்டால் போதும்.

வருகிற ஆரிஜின் எதுவானாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். குக்கீ இருக்கும் தளத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், எந்தத் தளம் வேண்டுமானாலும் லாகின் ஆனவரின் ஆர்டரைப் படித்துவிடும் நிலை அது. அட்மினுக்குத் தனித் தளம் இருந்தால் என்ஜின்எக்ஸின் மேப் வைத்து, பட்டியலில் உள்ள ஆரிஜினை மட்டும் திருப்பி அனுப்பி, ஆரிஜினுக்கேற்ப பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் வேரி: ஆரிஜின் ஹெடரையும் சேர்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இவ்வளவு பாடு உங்களுக்குத் தேவையே இல்லை. ஏபிஐயை அதே டொமைனில் ஒரு பாதைக்குக் கீழே, என்ஜின்எக்ஸின் ப்ராக்சி_பாஸ் மூலம் திருப்பிவிட்டால் ஆரிஜின் ஒன்றாகிவிடும், கோர்ஸ் பேச்சே வராது.

கேள்வி: குரோமில் பாதுகாப்பை அணைத்துத் திறந்தால் ஓடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா?
- இன்னொரு வாசகர், மேலூர்

பதில்: உங்கள் லேப்டாப்பில் ஓடும். வாடிக்கையாளர் போனில் போய் யார் அணைப்பது?