புதரில் யார் படுத்திருப்பது?

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது நானும் இரண்டு நண்பர்களும் என் ஜெர்மன் ஷெப்பர்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியிலேயே காவலர்கள் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. இப்போது ஆறு பேர் சேர்ந்து தன்னார்வ மீட்பு நாய்க் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். நான்கு நாய்கள் இருக்கின்றன. சீருடையும் தைத்துவிட்டோம். நீங்கள் இங்கிலாந்தில் இப்படியொரு குழுவோடு இருந்ததாக ஒரு கட்டுரையில் ஒற்றை வரி எழுதியிருந்தீர்கள். எந்த இன நாய் சிறந்தது? ராஜபாளையம், சிப்பிப்பாறை உதவுமா? நல்ல பயிற்சிப் புத்தகம் உண்டா? மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி நிலச்சரிவில் எந்தப் பயிற்சியும் இல்லாத குவி என்ற நாய் தன் வீட்டுக் குழந்தையைக் கண்டுபிடித்தது. அப்படியானால் பாசம்தானே முதல் தகுதி?

ச.

அன்புள்ள ச.,

அக்டோபர் முடியும் நாட்களில் எனக்கு ஒரு நாயின் நினைவு வந்துவிடும். அந்த நாட்களில்தான் உங்கள் கடிதமும் வந்தது. அதனால்தான் பதில் நீள்கிறது.

முதலில் வயநாடு. அந்தக் காவலர்கள் செய்தது சரி. பயிற்சி இல்லாத நாய் ஓரிடத்தில் நின்று குரைத்தால், நம்பிக்கையோடு அந்த இடத்தைப் பலர் தோண்டுவார்கள். அங்கே யாரும் இல்லை என்று தெரிவதற்குள் வேறோர் இடத்தில் மூச்சோடு இருந்தவரின் நேரம் முடிந்திருக்கும். உங்கள் நல்ல மனம் அந்த நேரத்தைத் திருப்பித் தராது. நான் இருந்த கம்ப்ரியா மலைப்பகுதியில் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள்தாம். ஆனாலும் காவல்துறை அழைத்தால்தான் கிளம்புவார்கள். நாயோடு தேடுகிறவர் அதற்கு முன்பே மலை மீட்புக் குழுவில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். நாய் தேர்ச்சி பெற இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை சீருடையைப் பெட்டியில் வையுங்கள்.

இனத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அங்கே பார்டர் கோலியும் லாப்ரடாரும் அதிகம். வில்மா மெல்வில் என்ற ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பில் தன் நாயோடு தேடிய பிறகு, மறு ஆண்டே அமெரிக்காவில் பேரிடர் நாய்களுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று காப்பகங்களில் விடப்பட்ட நாய்களைக்கூட அவர்கள் எடுத்துப் பழக்குகிறார்கள். உங்கள் நாயின் பந்தை உயரமான புல்லுக்குள் எறியுங்கள். அரை மணி நேரம் கழித்தும் விடாமல் தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் அது எந்த இனமாக இருந்தாலும் சரி. புத்தகம் வேண்டாம். தெரிந்தவர் ஒருவரிடம் போய் நில்லுங்கள்.

இனி குவி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்ணுக்குள் போன 70 பேரில் பெரும்பாலோர் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த நாய் நாட்கணக்கில் அங்கேயே அலைந்து குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்தது. அந்தச் செய்தியை இன்றும் என்னால் முழுதாக வாசிக்க முடியவில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் தவறு. குவி தேடியது தன் குழந்தையை. மீட்பு நாய் தேட வேண்டியது அது ஒருநாளும் பார்த்திராத ஆளை. வீட்டுப் பாசம் அந்த வேலைக்குப் போதாது. இருட்டில் கிடக்கிற எந்த அந்நியரைக் கண்டாலும் அதற்கு உலகத்தில் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்று ஆக வேண்டும். அதை நாய்க்கு யார் கற்றுக்கொடுப்பது? உடையவர் அல்ல. புதரில் ஒளிந்து படுத்திருப்பவர்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நாய்கள் இருக்கின்றன, சீருடை இருக்கிறது. ஒளிந்திருக்கப் போவது யார் என்ற பேச்சே இல்லை.

2004இல் நான் கம்ப்ரியாவின் விண்டர்மியரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடை ஒன்றின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மீட்பு நாய்களின் பயிற்சிக்காக மலையில் ஒளிந்துகொள்ள ஆள் தேவை என்று எழுதியிருந்தார்கள். ஒளிவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில், பனங்குற்றி போட்டு மண்மூடை அடுக்கிய பதுங்குகுழிக்குள் வளர்ந்தவன் நான்.

ஹாமிஷ் மெக்கின்னஸ் என்ற மலையேறி சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு நாய்களின் பயிற்சியைப் பார்த்துவிட்டு, 1965இல் ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் தேடுநாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வழி வந்தவர்கள்தாம் எங்களைப் பழக்கினார்கள். ஒளிந்திருப்பவரை அவர்கள் 'பாடி' என்பார்கள். உடல் என்றும் பொருள், பிணம் என்றும் பொருள்.

முதல் இரவு ஒரு பாறையடியில் பிளாஸ்டிக் பைக்குள் இடுப்புவரை நுழைந்து படுத்தேன். மார்புச் சட்டைக்குள் கயிறு முறுக்கிய விளையாட்டுப் பொருள். நனைந்த பெரணியின் மணம், ஆட்டுப் புழுக்கையின் மணம். இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீழே, வெகு தூரத்தில், நாயின் கழுத்து மணி. நம் உடம்பிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துகள்களின் மணத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. நம் அருகே ஒடுங்கி, தள்ளிப் போகப் போக விரியும் அந்த மணத்தின் ஓரத்தை நாய் தொட்டால் போதும். மணி ஓசை இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. பிறகு நேராக என்னை நோக்கி வந்தது. ஈர மூக்கு என் கன்னத்தில் இடித்தது. சூடான மூச்சு.

அடுத்த நொடி அது என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டது. அப்படித்தான் பழக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆளைக் கண்டதும் திரும்பிப் போய் உடையவரிடம் குரைத்து அவரை அழைத்து வர வேண்டும். எல்லாம் தெரிந்தும் நான் இருட்டைப் பார்த்து "போகாதே" என்று தமிழில் கத்தினேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. விமானம் வருவது எங்கள் காதில் விழுவதற்கு முன்பே அது பதுங்குகுழிக்குள் இறங்கிவிடும். அது இறங்கினால் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். 1995 அக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தபோது செம்மணி வெளிவரைக்கும் பின்னால் வந்தது. மழை. அடி எடுத்து வைக்க முடியாத கூட்டம். ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தபோது அது இல்லை. நாங்கள் தேடவில்லை. அந்தக் கூட்டத்தில் தேடியிருக்கவும் முடியாது. ஆனால் அது எங்களைத் தேடியிருக்கும்.

கம்ப்ரியாவில் அந்தக் கோலி நாய் உடையவரோடு திரும்பி வந்தது. அப்போது 'பாடி' செய்ய வேண்டிய முக்கியமான வேலை தொடங்குகிறது. கயிற்றை எடுத்து, விரல் விறைத்திருந்தாலும், குரலை உயர்த்திப் பாராட்டி, நாய் திக்குமுக்காடும் அளவுக்கு விளையாட வேண்டும். ஒரு டிசம்பர் இரவு எனக்கு அது முடியவில்லை. கயிற்றை உடையவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே நாய் என் மணத்தைப் பிடித்து, பாதி தூரம் வந்து, வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதன் உடைமைக்காரி அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. என்னைத் திட்டவில்லை. மூன்று மாத உழைப்பு என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

2001 செப்டம்பரில் நியூயார்க் இடிபாடுகளில் நாட்கணக்கில் உயிரோடு எவரும் கிடைக்காமல் நாய்கள் சோர்ந்துபோயின. அப்போது மீட்புக் குழுவினரையே இடிபாட்டுக்குள் ஒளியவைத்து, நாய்களைக் கண்டுபிடிக்கவிட்டார்கள். தாங்கள் களைத்து விழுகிற நேரத்திலும் அவர்களில் ஒருவர் போய்ப் படுத்தார். நீங்கள் நாய்களின் தியாகத்தைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் ஆறு பேர் போதாது, ச. நாய் ஆறு மணங்களைக் கற்றுக்கொண்டு அதோடு நின்றுவிடும். சேலை கட்டிய பாட்டி வேண்டும். பீடி மணக்கிற தாத்தா வேண்டும். அழுகிற குழந்தை வேண்டும், வாயே திறக்காத ஆளும் வேண்டும். ஊரில் வீடுவீடாகப் போய்க் கேளுங்கள். ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவர் வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் கிடைக்காத கதை இல்லாத ஊர் கிடையாது. அந்த வீட்டார் முதலில் வருவார்கள். தொடக்கத்தில் நாயின் கண்முன்னாலேயே கயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடி, பத்தடி தள்ளி ஒளிந்தால் போதும். தூரத்தைப் பிறகு கூட்டலாம்.

அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அறுவடைக்கு நிற்கிற சோளக்காட்டில், தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு மாலை இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருங்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள். வெயில் இறங்கும்போது காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கன்னத்தில் உணருங்கள். உங்கள் நாயை நண்பர் ஒருவர் கொண்டு வரட்டும்.

அடுத்த கடிதத்தில் நாய்களைப் பற்றி எழுத வேண்டாம். உங்களுக்கு அடுத்து யார் போய்ப் படுத்தார் என்று எழுதுங்கள்.