வாசகர் கேள்வி: கார் நடுவழியில் நின்றால்

கேள்வி: ஜேர்மனியில் கார் பழுதானால் மஞ்சள் வாகனம் வந்து அந்த இடத்திலேயே திருத்திக் கொடுக்கும் என்கிறார் அண்ணா. அது அரசாங்க சேவையா? இங்கே யாரைக் கூப்பிடுவது? (உப்புவெளி வாசகர்)

பதில்: அரசாங்கம் இல்லை. ஏ.டி.ஏ.சி. என்ற வாகனக்காரர் சங்கம், 1903இல் தொடங்கியது. வருடச் சந்தா கட்டியவர்களுக்கான சேவை. பிரித்தானியாவின் ஏ.ஏ. (1905), அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. (1902) எல்லாம் இதே வகைதான். இங்கே இலங்கையில் அந்த வேலையைப் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனிகள் பார்க்கின்றன. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவர் அதை நம்பியிருக்க வேண்டாம். முழுக் காப்புறுதி என்றாலும், எத்தனை கிலோமீற்றர் வரை இலவசமாக ஏற்றிச் செல்வார்கள் என்ற வரியை இன்றைக்கே தேடிப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கி.மீ. இருக்கிறது. போனில் "கந்தளாய்க்குக் கொஞ்சம் முன்னால" என்றால் லொறிக்காரர் அலைவார். கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னுடையது ஹைபிரிட் கார். நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: வேண்டாம். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் முன் சில்லுகள் மோட்டாரோடு இணைந்தவை. சில்லு உருண்டால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் பிறக்கும், அங்கேதான் சேதம். நான்கு சில்லும் நிலத்தில் படாமல் கார் கரியரில் ஏற்றச் சொல்லுங்கள். கூப்பிடும்போதே "ஹைபிரிட்" என்று சொல்லாவிட்டால் கொக்கி லொறிதான் வரும்.

அதற்கு முன் ஒன்று. 'ரெடி' விளக்கு எரியவில்லையா? பல தடவை குற்றவாளி பெரிய பற்றரி அல்ல, 12 வோல்ட் சின்னப் பற்றரி. பிரியஸின் பல மாடல்களில் அது டிக்கியில் இருக்கிறது. பற்றரி செத்தால் டிக்கியும் திறக்காது. ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் சாரதிக் கதவைத் திறந்து பொனற்றைத் தூக்குங்கள். பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியின் கீழ் பிளஸ் முனை இருக்கும். சிவப்பு வயரை முதலில் அதில், பிறகு உதவிக் காரின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை உதவிக் காரின் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் காரின் பெயின்ற் இல்லாத இரும்பில் கடைசியாக மாட்டுங்கள். உதவிக் காரை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் கம்பியூட்டர் பெட்டியே போய்விடும். ஆரஞ்சு வயர்களில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: முக்கோணப் பலகையை எவ்வளவு தூரத்தில் வைப்பது? (நிலாவெளி வாசகர்)

பதில்: ஜேர்மன் அதிவேகப் பாதையில் 200 மீற்றர். பிரித்தானிய மோட்டார் பாதையில் வைக்கவே கூடாது. நடந்து போய் வைப்பதே ஆபத்து. அங்கெல்லாம் காரைவிட்டு இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் நிற்கச் சொல்வார்கள். இங்கே ஹபரணை வீதியில் இரவில் அப்படி இறங்கி நிற்காதீர்கள். காரை வீதியைவிட்டு நன்றாக ஓரம் கட்டி, நாலு சிக்னலையும் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். ஆனை நிற்கும்.