ஒரே பெயர், வேறு வேறு நிலைமைகள்

கேள்வி: எனக்கு வயது 28. முதுகுவலி என்று எக்ஸ்ரே எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘எஸ்1 ஸ்பைனா பைஃபிடா அக்கல்டா’ என்று இருந்தது. டாக்டர் “அது ஒன்றுமில்லை” என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் சக்கர நாற்காலி, தலையில் நீர், பிறந்த உடனே ஆபரேஷன் என்று என்னென்னவோ வருகிறது. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். என் கால்கள் செயலிழந்துவிடுமா? குழந்தைக்கும் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான் சகோதரி. ஆனால் அதை ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியதுதான் சரியில்லை. கூட இரண்டு நிமிடம் பேசியிருந்தால் நீங்கள் இப்படித் தூக்கம் கெட்டிருக்க வேண்டாம்.

முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகளின் அடுக்கு. ஒவ்வொரு முள்ளெலும்பும் பின்பக்கம் வளைவாக வந்து மூடிக்கொள்ளும். அந்த வளைவுகளுக்குள்ளேதான் தண்டுவடம் இறங்குகிறது. கருவில் ஏதோ ஓரிடத்தில் வளைவு முழுக்க மூடாமல் இடைவெளி விட்டுவிட்டால் அதுதான் ஸ்பைனா பைஃபிடா. இலத்தீனில் ‘பிளந்த முதுகெலும்பு’ என்று அர்த்தம். குழப்பமே இந்தப் பெயரால் வருவதுதான். பிளவு இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்தப் பிளவின் வழியாக என்ன வெளியே வந்திருக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

உங்கள் விஷயத்தில் எதுவும் வரவில்லை. ‘அக்கல்டா’ என்றால் மறைந்திருப்பது. எலும்பில் சின்ன இடைவெளி, மேலே தோல் ஒழுங்காக மூடியிருக்கிறது, உள்ளே நரம்புகள் பத்திரமாக இருக்கின்றன. பத்துப் பேரை எக்ஸ்ரே எடுத்தால் ஒருவர் இரண்டு பேருக்காவது இது இருக்கும். பலருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். எஸ்1 என்பது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அடுத்து வரும் திருவெலும்பின் முதல் பகுதி, அதாவது அதற்கும் கீழே. அங்கே நரம்பு வேர்கள் மட்டும்தான் போகின்றன. ஆகவே இந்த இடைவெளி உங்கள் கால்களை ஒன்றும் செய்யாது. முதுகுவலிக்கும் பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும். அதைத் தனியாகப் பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தோல் மூடியிருந்தும் அடியில் கொழுப்புக் கட்டியோ, கீழே ஒட்டிக்கொண்டு இழுபடும் தண்டுவடமோ இருக்கும் சிலரையும் சிலர் இதே ‘அக்கல்டா’ என்ற பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு கதை. நடு முதுகுக் கோட்டில் மயிர்க்கற்றை, சிவந்த மச்சம், வீக்கம், பிட்டப் பிளவுக்கு மேலே தள்ளி ஆழமான குழி என்று பெரும்பாலும் தோலில் ஓர் அடையாளம் இருக்கும். ஒரு பாதம் சிறுத்துப் போவது, காலில் மரத்துப்போதல், அடக்க முடியாமல் சிறுநீர் கசிவது போன்றவை பின்னால் தலைகாட்டலாம். இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் எம்ஆர்ஐ எடுத்து நரம்பியல் அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்த இடைவெளிக்காக எம்ஆர்ஐ தேவையில்லை.

ஸ்பைனா பைஃபிடாவில் இன்னொரு வகை மெனிங்கோசீல். அது அரிது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை மட்டும் திரவத்தோடு ஒரு பையாகப் புடைத்து வெளியே வரும், நரம்பு உள்ளேயே இருக்கும். அறுவை சிகிச்சை செய்து மூடிய பிறகு பல குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு இருப்பதில்லை.

இணையத்தில் நீங்கள் பார்த்ததெல்லாம் மைலோமெனிங்கோசீல். இதில் தண்டுவடமே பிளவின் வழியாக வெளியே வந்துவிடும், பெரும்பாலும் தோல் மூடியிருக்காது. பிளவு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்களின் பலம் குறையும். சிறுநீர், மலம் இரண்டின் கட்டுப்பாடும் பாதிக்கப்படும். பலர் நாள் முழுக்கக் குறித்த நேரத்துக்குக் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொள்கிறார்கள். மூளையில் திரவம் தேங்கினால் அதை வயிற்றுக்குள் இறக்கிவிட ஷன்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். சிறு வயதிலிருந்தே ஆபரேஷன்களில் ரப்பர் கையுறை பட்டுப்பட்டு லேடெக்ஸ் ஒவ்வாமை வருவதும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் பள்ளி, வேலை, கல்யாணம் என்று வாழ்பவர்கள் நிறைய. படங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கருவிலேயே பிளவை மூடும் சிகிச்சையும் இருக்கிறது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 82 சதவீதம் பேருக்கு ஒரு வயதுக்குள் ஷன்ட் தேவைப்பட்டது. கருவில் மூடியவர்களில் அது 40 சதவீதம். தாய்க்கும் ஆபத்து உள்ள ஆபரேஷன் என்பதால் எல்லோருக்கும் பொருந்தாது.

சரி, உங்கள் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். எஸ்1-இல் இருக்கும் வெறும் எலும்பு இடைவெளியை யாரும் பரம்பரை ஆபத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் குழந்தைக்குத் திட்டமிடும் எந்தப் பெண்ணுக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்: இப்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க ஆரம்பியுங்கள். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போனது தெரிந்து மாத்திரை வாங்கப் போவதற்குள் அந்த நாட்களில் பாதி ஓடிப்போயிருக்கும். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே தொடங்கி 12 வாரம் வரை எடுக்கச் சொல்வது. முந்தைய கருவில் நரம்புக் குழாய் சரியாக மூடாத குறை இருந்தவர்களும், தமக்கோ கணவருக்கோ மைலோமெனிங்கோசீல் போன்ற திறந்த வகை ஸ்பைனா பைஃபிடா இருப்பவர்களும் பத்து மடங்கு அளவு எடுக்க வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

கர்ப்பமான பிறகு 18 முதல் 20 வாரத்துக்குள் விரிவான ஸ்கேனைத் தவற விடாதீர்கள். அப்புறம் அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே காட்டலாம். உங்களுடையது ஊசி போடும் இடத்துக்கும் கீழே என்பதால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.