5786 என்பது எந்தக் கணக்கு?

மகனின் பள்ளிக் கடிதத்தில் 5786 என்று ஆண்டு போட்டிருக்கிறதே, எங்கிருந்து எண்ணுகிறார்கள், இஸ்ரேலில் குடியிருக்க இதெல்லாம் தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

இது யூத நாட்காட்டியின் ஆண்டு. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணுகிறார்கள். யூத வேதத்தில் வரும் தலைமுறைகளின் வயதையும் அரசர்களின் ஆட்சிக் காலத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத மத குரு ரபி யோசே பென் ஹலாப்தா பெயரில் வழங்கும் ‘சேதர் ஓலாம்’ நூல்தான் இதற்கு அடிப்படை. ஆனால் பத்திரங்களில் வெகுகாலம் கி.மு. 312இல் தொடங்கும், செலூக்கியர் என்ற கிரேக்க அரசர்களின் ஆண்டைத்தான் எழுதி வந்தார்கள். படைப்பாண்டு பிறகுதான் பரவியது.

நம் ஆங்கில ஆண்டோடு 3760 கூட்டுங்கள். செப்டம்பர் வாக்கில் ரோஷ் ஹஷானா என்ற யூதப் புத்தாண்டு பிறந்துவிட்டால் 3761. எண்ணுக்குப் பதில் ஹீப்ரு எழுத்தாலும் எழுதுவார்கள்: தாவ் 400, ஷின் 300, பே 80, வாவ் 6, ஆக 786. ஐயாயிரத்தைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள்.

ஆண்டு எண் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். சம்பளம், வாடகை எல்லாம் ஆங்கிலத் தேதிதான். மாதக் கணக்குதான் முக்கியம். நிலவு மாதம் பன்னிரண்டுக்குச் சுமார் 354 நாள். அப்படியே விட்டால் பெசாஹ் (பாஸ்கா) பண்டிகை வசந்தத்தை விட்டு நகர்ந்துவிடும். அதனால் 19 ஆண்டில் ஏழு முறை அதார் மாதம் இரண்டு வரும், தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் போல. 5787 அப்படிப்பட்ட ஆண்டு. 2026இல் ஏப்ரல் 1 மாலை தொடங்கும் பெசாஹ், 2027இல் ஏப்ரல் 21க்குத் தள்ளிப்போகிறது. ஊருக்கு டிக்கெட் போடும்போது பழைய ஆண்டின் தேதியை நம்பாதீர்கள்.

இன்னொன்று, நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, சூரியன் மறைந்ததும். யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் 2026 செப்டம்பர் 21 என்று போட்டிருந்தால் 20ஆம் தேதி பிற்பகலிலேயே கடையும் பஸ்ஸும் நின்றுவிடும், விமான நிலையமும் மூடிவிடும். பாலும் ரொட்டியும் முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள். அன்று நடுரோட்டில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவார்கள்; உங்கள் பையனையும் கட்டாயம் அனுப்புங்கள்.

விசா நீட்டிப்பு மாதிரி வேலை இருந்தால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். ரோஷ் ஹஷானா நெருங்கிவிட்டால் எங்கே போய்க் கேட்டாலும் ‘அஹரே ஹஹகிம்’, பண்டிகையெல்லாம் முடியட்டும் என்பார்கள். 2026இல் அது முடிய அக்டோபர் 3 ஆகிவிடும்.