பலூன் வச்சாச்சு, ரிப்போர்ட்ல இன்னும் ‘தடிப்பு’ன்னு வருதே?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 4 வயசு. நுரையீரலுக்குப் போற வால்வு சுருங்கியிருக்குன்னு மூணு மாசம் முன்னாடி பலூன் வச்சு விரிச்சாங்க. கிரேடியன்ட் முன்ன 84, முடிச்ச உடனே 38, இப்ப 20. ஆனா எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட வலது பக்கம் தடிப்பு, லேசான லீக்னு எழுதியிருக்கு. இதயம் கெட்டுப்போச்சா? ஓடி விளையாட விடலாமா? ராத்திரி அவ நெஞ்சுல கை வச்சுப் பாத்துட்டுதான் படுக்கிறேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பயப்படாதீங்கம்மா, இதயம் கெட்டுப்போகல. கிரேடியன்ட்ங்கிறது வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ரத்த அழுத்த வித்தியாசம், அது 84 இருந்தது 20க்கு வந்திருக்குன்னா அடைப்பு இப்ப லேசானதுதான். வலது கீழறை இத்தனை நாளா ஒரு இடுக்கு வாசல் வழியா ரத்தத்தை முட்டித் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, அதுலதான் தசை தடிச்சுப்போச்சு, வாசலைத் தொறந்த அன்னைக்கே அது இளைச்சிடாது, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். அந்த 38க்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், வால்வு விரிஞ்சும் அதுக்குக் கீழ இருக்குற தடிச்ச தசை ஒவ்வொரு துடிப்புலயும் இறுகி வழிய மறிக்கும். சில பிள்ளைங்களுக்கு இதுக்காகவே கொஞ்ச நாள் ப்ரோப்ரனலால்னு, இதயத் தசையோட இறுக்கத்தைக் குறைக்கிற மருந்து குடுப்பாங்க.

லீக் விஷயத்துக்கு வர்றேன். பலூன் ஒட்டிக்கிட்டு இருக்குற வால்வு இதழைப் பிரிச்சு விடுது, அதனால கொஞ்சம் ரத்தம் திரும்பி வர்றது ரொம்ப சகஜம். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜீன் கான் டீம் 1982ல இந்த முறையை வெளியிட்டாங்க, அப்பலேர்ந்து பலூன் வச்ச பிள்ளைங்க வளர்ந்து பெரியவங்களாகிட்டாங்க, அவங்கள்ல பல பேருக்குச் சுருக்கம் திரும்ப வர்றதில்ல, வருஷம் போகப் போக கவனிக்க வேண்டியது லீக்கைத்தான். அது அதிகமானா வலது கீழறை மெதுவா விரியும், பொண்ணு நல்லாத்தான் இருப்பா, வெளியில ஒண்ணும் தெரியாது. அதான் எனக்குக் கவலை, ‘நல்லாத்தானே இருக்கா’ன்னு நிறைய பேர் செக்கப்பை நிறுத்திடுறாங்க, காலேஜ் போனாலும் கல்யாணம் ஆனாலும் நிறுத்தக்கூடாது. எக்கோ எடுக்கும்போது கிரேடியன்ட் மட்டும் கேக்காதீங்க, வலது கீழறை சைஸ் எவ்வளவு, லீக் எவ்வளவுன்னு கேட்டு பழைய ரிப்போர்ட்டோட வச்சுப் பாருங்க.

உங்க கார்டியாலஜிஸ்ட் வேண்டாம்னு சொல்லலைன்னா தாராளமா ஓடட்டும். மயக்கம், படபடப்பு, முன்னவிட சீக்கிரம் மூச்சு வாங்குறதுன்னு எது வந்தாலும் உடனே காட்டுங்க. அப்புறம் பல் சொத்தையை அப்படியே விடாதீங்க, வாயில இருக்குற கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல தங்கலாம், பல் டாக்டர்கிட்ட போனா பலூன் வச்ச விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க.