பதினான்காம் பக்கம் எங்கே?

இங்கிலாந்துக்குப் படிக்க வரும்போது குக்கர் எடுத்து வரலாமா, பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. குக்கர் இங்கேயே விற்கிறது; வேலையை வந்து பார்த்துக்கொள்ளலாம். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டீர்களே, ‘நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு பற்றி எழுதப் போகிறேன், இணையக் கட்டுரைகளில் பக்க எண் இல்லை, மேற்கோளுக்கு என்ன போடுவது?’ என்று. அதற்குத்தான் இந்தப் பதில்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து நான் இங்கிலாந்து வந்தது 2011இல். அந்த ஜனவரியில்தான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நானும் அதையே ஆய்வுக்கு எடுத்தேன். ஈரோட்டு பிரவுசிங் சென்டரில் கட்டுரைகளை அச்செடுத்து, பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். முதல் கட்டுரையிலேயே ‘பக்கம் 14’ என்று கம்பீரமாகப் போட்டேன். பேராசிரியர் கணினியில் தேடினால் அப்படியொரு பக்கமே இல்லை. அது ஈரோட்டு பிரிண்டர் போட்ட எண்! இட்டுக்கட்டினாயா என்று விசாரணைக்கு அழைத்துவிட்டார்கள். பொடி வாசம் அடித்த தாள்களை மேசையில் விரித்துக் காட்டித்தான் தப்பினேன். மதிப்பெண் போனது போனதுதான்.

ஆகவே, இல்லாத எண்ணைப் போடாதீர்கள். முதலில் உங்கள் துறை எந்த மேற்கோள் முறையைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள். ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை என்றால் உபதலைப்பைச் சொல்லி, அதன் கீழ் எத்தனையாவது பத்தி என்று நீங்களே எண்ணிப் போடலாம். காணொளிக்கு நிமிடம், நொடி. கிண்டில் மின்னூலில் காட்டும் இட எண் செல்லாது. எம்எல்ஏ, அதாவது நவீன மொழிச் சங்கத்தின் முறையில் (முதலில் கேட்டபோது எங்கள் தொகுதிக்காரர்தான் நினைவுக்கு வந்தார்) மூலத்திலேயே எண் அச்சாகியிருந்தால் ஒழியப் பத்தியை எண்ணக் கூடாது. ஆசிரியர் பெயர் போதும். தீர்ப்புகளில் பத்திக்கு எண் இருக்கும், அதைப் போடுங்கள். இதில் மிரள ஒன்றுமில்லை. குறளுக்கு யார் பக்க எண் கேட்கிறார்கள்? 1330க்குள் ஓர் எண், அவ்வளவுதான்.

‘ஏதாவது ஓர் எண்ணைப் போடு, எவன் பார்க்கப் போகிறான்’ என்று நம் ஊர்க்காரர்களே சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். விசாரணை அன்று அவர்களில் ஒருவர்கூடத் தொலைபேசியை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்திகளை விரல் வைத்துத்தான் எண்ணினேன். அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, மஞ்சள் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். ‘லாபம், இரண்டு, மூன்று’ என்பார். நடுநிசி நூலகத்தில் நானும் அப்படியே எண்ணிக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கைச் சீனப் பெண் அது என்ன மந்திரம் என்று கேட்டாள்.